விதி நம் கையில்

கார்விக் ஊரில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சாவதுகூட இல்லை என்பார் பாஸ்டர் ஷ்விண்ட். தவறிப்போய் யாராவது செத்துவிட்டாலும் திங்கட்கிழமை வரை பெட்டிக்குள் பொறுமையாக இருக்க வேண்டியதுதான். சனிக்கிழமை கல்லூரிக் கால்பந்துக்கு உரியது. கான்சஸ் மாநிலத்தின் மேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஊரில் ஒரு மனிதர் ஒரு காலத்தில் துணிந்து அக்டோபர் சனிக்கிழமையில் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளைத் தோழர்கள் காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு நின்றார்கள். பாஸ்டர் "சம்மதமா?" என்று கேட்ட நேரம் பார்த்து எதிரணிக்காரன் ஓடிப்போய் ஆறு புள்ளி எடுத்துவிட, தோழர்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ, வேணாம்!" என்று அலறினார்கள். அந்தப் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஊரில் அவளுக்கு இன்னமும் "அக்டோபர்க்காரி" என்றுதான் பெயர்.

ஆகவே டெல்மர் பாக்ஸ்பெர்கர் தன் மகள் ட்ரீனாவுக்கு நாள் பார்த்தபோது அவசரப்படவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருப்பவர் அவர். எதையும் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார். ட்ரீனா ராணுவத்தின் தேசியக் காவல் படையில் லாரி ஓட்டுகிறவள். டெக்சாஸில் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடிந்ததும் ஒரு வருஷத்துக்குக் குவைத்துக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்கு முன்னால் அவளுக்குக் கிடைக்கப் போவது ஒரே ஒரு விடுப்பு: டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மத்தியானம் விமானம் ஏற வேண்டும். இடையில் ஒரு முழுச் சனிக்கிழமை. கல்யாணமோ, விருந்தோ, புருஷன் பெண்டாட்டி சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிப்பதோ, எல்லாம் அந்த ஒரு நாளுக்குள்தான்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை என்றதும் டெல்மர் மகிழ்ந்துபோனார். ஏனென்றால் அது பத்திரமான சனிக்கிழமை. கார்விக் ஸ்டேட் கல்லூரியின் அணிக்குப் புல்வெளிக் கோழிகள் என்று பெயர். அவர்கள் ஆடுவது "மகா ஏழு" என்ற கூட்டமைப்பில். மகா ஏழில் பதினேழு அணிகள். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்கள் பதினேழை ஏழு என்றால் அதில் குறை சொல்ல நாம் யார்? நவம்பரோடு வழக்கமான ஆட்டங்கள் முடிந்துவிடும். டிசம்பர் முதல் சனிக்கிழமை அன்று பதினேழில் மேலான இரண்டு மட்டும் கான்சஸ் சிட்டியில் பட்டத்துக்கு மோதும். மற்றப் பதினைந்து ஊர்களிலும் அன்றைக்கு ஜனங்கள் கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், மனிதர்களாக இருப்பார்கள். கோழிகள் அந்த இரண்டில் ஒன்றாக வந்ததாகச் சரித்திரமே இல்லை. டெல்மரின் அப்பா அதற்காகக் காத்திருந்தே கண்ணை மூடினார்.

இன்னொரு காரணமும் இருந்தது. மாப்பிள்ளை வேட் ஓக்ஸ் கோழிகளின் ட்ரக் ஓட்டுநர். தலைக்கவசம், தோள்கவசம், காலணி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வெளியூர் ஆட்டங்களுக்கு முன்னால் போகிறவன். கோழிகள் போகிற இடத்துக்கு ட்ரக் போகும். ட்ரக் போகிற இடத்துக்கு வேட் போவான். கோழிகள் எங்கும் போகாத ஒரு சனிக்கிழமைதான் கல்யாணத்துக்கு வேண்டும். இதைவிடப் பொருத்தமான நாள் பஞ்சாங்கத்திலேயே கிடையாது என்று டெல்மர் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

அந்த வருஷம் பார்த்துக் கோழிகள் ஜெயிக்க ஆரம்பித்தன.

முதலில் ஒன்று தோற்றார்கள். டெல்மருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்புறம் வரிசையாக ஜெயித்தார்கள். ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. மளிகைக் கடையில் முட்டை வாங்கினால் முட்டைக்கு ஒரு முத்தம் கொடுத்துத்தான் பையில் போட்டார்கள். கோழிக்கறி வாங்குவது துரோகம் என்று முடிவாகி, ஊர் முழுக்க மாட்டிறைச்சி விலை ஏறியது. ஏழு வெற்றி, ஒரு தோல்வி, இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி என்ற நிலை வந்தபோது ரேடியோவில் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார்: "மக்களே! விதி நம் கையில் இருக்கிறது!"

தலைவிதியைச் சொல்கிறாரா, மகா ஏழின் விதிப்புத்தகத்தைச் சொல்கிறாரா என்று டெல்மருக்கு விளங்கவில்லை. இரண்டுமே அவர் கையில் இல்லை.

"டெல்மர், யாரையாவது கேட்டுத்தான் தொலையேன்," என்றாள் அவர் மனைவி ஜொலீன். அவள் கல்யாண விருந்துக்குப் பீரொக் மடித்துக்கொண்டிருந்தாள். மாவுக்குள் இறைச்சியும் முட்டைக்கோஸும் வைத்துச் சுடும் அந்தப் பண்டம் இல்லாமல் அந்தப் பக்கத்து ஜெர்மன்காரர் வீட்டில் கல்யாணம் இல்லை. "எத்தனை ஜெயிச்சா கான்சஸ் சிட்டி, எத்தனை ஜெயிச்சா நம்ம ஊர்ச் சர்ச்? இது ஒரு கேள்வியா? இதுக்கு ஒரு பதில் இருக்காதா?"

"கேக்காம இருப்பேனா? சலூன்ல கேட்டேன், எட்டு போதும்னான். காப்பிக் கடையில கேட்டேன், எட்டும் போதாது, எவன் எவன் தோக்கணும்னு பெரிய கதையா சொன்னான். பாஸ்டரைக் கேட்டேன், ஜெபம் பண்ணுன்னார்."

"எதுக்கு ஜெபம்? ஜெயிக்கவா தோக்கவா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். மனுஷன் வானத்தைப் பாத்தார்."

கான்சஸ் சிட்டியில் மகா ஏழின் தலைமை அலுவலகம் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, எண்ணிக்கை தொடர்பான கேள்விகளுக்கு நேரில்தான் விளக்கம் தரப்படும் என்று ஒரு குரல் சொன்னது. டெல்மர் கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

கட்டடம் மாநிலச் சட்டசபையைவிடப் பெரியது. வாசலில் பதினேழு கொடிகள். அவற்றுக்கு நடுவில் பளிங்கில் செதுக்கிய பிரம்மாண்டமான ஏழு. டெல்மரைச் சமன் உடைப்புத் துறைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு அணிகள் சமமாக நின்றால் அந்தச் சமத்தை உடைப்பதுதான் அந்தத் துறையின் வேலை. இயக்குநர் பெயர் கேம்டன் ரூஷ். சின்ன வயசுப் பெண், பளிச்சென்ற உடுப்பு, எதிரில் இருப்பவர் அழுதாலும் அணையாத புன்னகை.

"ஒரே ஒரு கேள்விதாம்மா," என்றார் டெல்மர். "எத்தனை ஜெயிச்சா உள்ள, எத்தனை தோத்தா வெளிய?"

"எண்ணிக்கையைப் பத்தி நாங்க பேசறதில்ல சார். வழிமுறையைப் பத்திதான் பேசுவோம்."

"சரி, வழிமுறையைச் சொல்லுங்க."

"ரொம்ப சுலபம். ரெண்டு டீம் சமமா இருந்தா, முதல் விதி: ரெண்டும் மோதினப்ப யாரு ஜெயிச்சதுன்னு பாப்போம்."

"அப்பாடா. நியாயம்தான்."

"ஆனா அவங்க மோதியிருக்க மாட்டாங்க. பதினேழு டீம், ஆளுக்கு ஒன்பது ஆட்டம், கணக்கு இடிக்கறதால ஒரு டீமுக்கு மட்டும் எட்டு, அவ்வளவுதானே? அதனால ரெண்டாவது விதி: ரெண்டு பேருக்கும் பொதுவான எதிரிங்களோட எப்படி ஆடினாங்கன்னு பாப்போம். பொது எதிரி இல்லேன்னா மூணாவது விதி: எதிரிங்களோட எதிரிங்க எப்படி ஆடினாங்கன்னு பாப்போம். அதுவும் சமமா இருந்தா..."

இப்படியே அவள் போய்க்கொண்டிருந்தாள். நாலாவது விதியில் எதிரிகளின் எதிரிகளுடைய வெற்றி விகிதம் வந்தது. ஐந்தாவது விதியில் புல் மைதானமா, செயற்கைப் புல்லா என்பது வந்தது. ஏழாவது விதியை யாரும் இதுவரை புரிந்துகொள்ளாததால் அதை மரியாதையோடு தாண்டிவிடுவது வழக்கமாம். எட்டாவது விதிப்படி ஒரு தனியார் நிறுவனம் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு மதிப்பெண் தரும்.

"அந்தச் சூத்திரம் என்னம்மா?"

"அது ரகசியம் சார். எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சா அதுல நடுநிலைமை போயிடும்ல?"

"அதுவும் சமமா வந்தா?"

"ஒன்பதாவது விதி. காசு சுண்டிப் போடுவோம்." முதல் முறையாக அவள் முகத்தில் ஒரு கவலை ஓடியது. "இந்த வருஷம் அஞ்சு டீம் சமமா நிக்கற மாதிரி இருக்கு. காசுக்கு ரெண்டு பக்கம்தான். அஞ்சு பக்கக் காசு செய்ய ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்."

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அம்மா, நான் டயர்க்காரன். விஷயத்தைச் சொல்லிடறேன். அன்னிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை உங்க கோழிகளோட ட்ரக் ஓட்டறவன். கடைசி ஆட்டத்துல எங்க ஆளுங்க தோத்துட்டாங்கன்னு வச்சுக்குங்க. கல்யாணம் எங்க ஊர்லயே நடக்கும், இல்லையா?"

"தோத்தா வாய்ப்பு கூடும் சார்."

"என்னது?"

"நீங்க தோத்தா உங்களை ஜெயிச்சவங்க பலமாயிடுவாங்க. பலமான எதிரிகிட்ட தோத்தவங்கங்கற மதிப்பு உங்களுக்கு வந்துடும். மத்தவங்களும் தோத்துட்டா நீங்கதான் முன்னால."

அப்போது கதவு திறந்தது. ஆணையர் ப்ரெஸ்டன் விட்கம் உள்ளே வந்தார். மகா ஏழின் தலைவர் அவர். வெள்ளித் தலைமுடி, மார்பில் ஏழு வைரம் பதித்த ஊசி. ஒரு சாதாரண மனிதர் நேரில் வந்து சந்தேகம் கேட்கிறார் என்று கேள்விப்பட்டு, சுற்றுலா வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்க்க வந்திருந்தார்.

"உங்க கவலை எனக்குப் புரியுது," என்று அவர் டெல்மரின் தோளில் கை வைத்தார். "முந்தி ஏழு டீம் இருந்துச்சு. எல்லாரும் எல்லாரோடயும் ஆடினாங்க. நிறைய ஜெயிச்சவன் சாம்பியன். கடைசி ஆட்டம் முடிஞ்ச உடனே யாரு சாம்பியன்னு பெட்ரோல் போடறவனுக்குக்கூடத் தெரிஞ்சுபோகும். அதுல என்ன கௌரவம் இருக்கு, சொல்லுங்க? அப்புறம் இந்தக் கட்டடம் எதுக்கு? நான் எதுக்கு?"

டெல்மருக்கும் அதுதான் கேள்வி.

"இப்பப் பதினேழு. பலமான டீம்கள் ஒண்ணோட ஒண்ணு மோதிக்காம பாத்துக்கறோம். மோதினா ஒண்ணு தோத்துடும் சார்! ஒரு நல்ல டீம் தோக்கறதைப் பாக்க எங்களுக்கு மனசு வராது. அதுவுமில்லாம, தெளிவு வந்துடுச்சுன்னா நவம்பர் மாசம் யாரு டிவி பாப்பாங்க? ஜெயிக்கறது தோக்கறது எல்லாம் சின்னப் பசங்க வேலை. யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்றது பெரியவங்க வேலை."

"அந்தப் பசங்கள்ல ஒருத்தன்தான் என் மாப்பிள்ளை..."

"அருமை! கல்யாணத்தை மைதானத்துலயே வச்சுக்குங்களேன்," என்றார் ஆணையர், கண் மின்ன. "இடைவேளையில. மெத்தைக் கம்பெனி விளம்பரதாரரா இருக்காங்க, அவங்களுக்கு ரொம்பப் பொருத்தம். பொண்ணு அவங்க கம்பெனிப் போர்வையைப் போத்திக்கணும், அவ்வளவுதான். ஆனா மாப்பிள்ளையோட டீம் அன்னிக்கு ஆடக் கூடாது. ஆடினா அவரு வேலையில இருப்பாரே."

"ஆடலேன்னா நாங்க எதுக்கு இங்க வரணும்? எங்க ஊர்லயே சர்ச் இருக்கே?"

ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெளியே வரும்போது வாசலில் ஒரு பரிசு கொடுத்தார்கள்: பஞ்சால் செய்த பெரிய மஞ்சள் கை. கையில் மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் ஆட்டுவது. அதன் உள்ளங்கையில் "விதி நம் கையில்" என்று அச்சடித்திருந்தது. ஜொலீன் அதை அடுப்பிலிருந்து சூடான தட்டு எடுக்க வைத்துக்கொண்டாள்.

கடைசி ஆட்டம் கார்விக்கிலேயே நடந்தது. டெல்மர் ஜெயிக்கவும் வேண்ட முடியாமல் தோற்கவும் வேண்ட முடியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தார். கடைசி நொடியில் எதிரணி உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. கோழிகள் ஜெயித்தன. டெல்மர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவன் அவர் முதுகில் ஓங்கி அறைந்து, "அழுங்க டெல்மர், அழுங்க! உங்க அப்பா மேலேருந்து பாத்துக்கிட்டிருப்பாரு!" என்றான்.

எட்டு வெற்றி, ஒரு தோல்வி. அதே எட்டு, அதே ஒன்றோடு இன்னும் நாலு அணிகள். யார் அந்த இரண்டு என்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, குழு கூடியிருப்பதாக அறிவித்தார்கள். திங்கட்கிழமை, குழு மதிய உணவு சாப்பிட்டதாக அறிவித்தார்கள். டெக்சாஸிலிருந்து ட்ரீனா தினமும் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் எந்த ஊருக்கு வரணும்னு இன்னிக்காவது சொல்லுவீங்களா?"

"நீ நம்ம வீட்டுக்கு வாம்மா. அங்கேருந்து எங்க போகணும்னு கடவுளுக்கும் எட்டாவது விதிக்கும்தான் தெரியும்."

"எனக்கு மெத்தையும் வேணாம் மைதானமும் வேணாம்ப்பா. அந்த ஒரு நாள் அவனோட இருந்தா போதும். வருஷம் முழுக்க அதை நெனச்சுக்கிட்டு ஓட்டிடுவேன்."

டெல்மர், வண்டியின் ஆயில் மாற்றினாயா என்று கேட்டார். அந்த வீட்டில் அன்பை அப்படித்தான் சொல்வார்கள்.

புதன்கிழமை அறிவிப்பு வந்தது. எட்டாவது விதியின்படி, ஒரு தலைமுடியைக் குறுக்கே பிளந்த அளவு வித்தியாசத்தில், கோழிகள் உள்ளே. ஊர் தெருவில் இறங்கி ஆடியது. டெல்மர் மண்டபத்தை ரத்து செய்தார். கான்சஸ் மாநிலத்துக் கல்யாண உரிமம் செல்லுபடியாக வேண்டும் என்று, கான்சஸ் சிட்டியில், மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விடுதியில் சின்ன அறை பிடித்தார். சனிக்கிழமை மத்தியானம் கல்யாணம், சாயங்காலம் ஆட்டத்துக்கு முன் வேட் மைதானத்துக்கு ஓடிவிட வேண்டும். ஒரு நாள் அரை நாளாகச் சுருங்கிவிட்டது. இருந்தாலும் அரை நாள் அரை நாள்தானே என்று ட்ரீனா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை ட்ரக்கும் அணிப் பேருந்துகளும் கிளம்பின. சனிக்கிழமை விடிந்ததும் டெல்மர், ஜொலீன், வெள்ளை உடுப்பில் ட்ரீனா, பின்சீட்டில் பீரொக் தட்டுகளுக்கு நடுவே பாஸ்டர் ஷ்விண்ட், எல்லோரும் கிழக்கே கிளம்பினார்கள். பாஸ்டர் மடியில் அக்கார்டியன் பெட்டி. கல்யாணத்தில் ஜெபமும் அவரே, வாத்தியமும் அவரே.

சலைனாவை நெருங்கும்போது வேட் கூப்பிட்டான். ட்ரீனா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மாமா, கிளம்பிடாதீங்க! நாங்க அங்கேதான் வந்துக்கிட்டிருக்கோம்!"

"எங்கடா வர்றீங்க? நாங்க பாதி வழி வந்துட்டோம்!"

"எங்களை வெளியே தள்ளிட்டாங்க மாமா! அந்த மார்க் போடற கம்பெனிக்காரன், ஆட்டமே இல்லாத நம்ம ஓய்வு வாரத்தையும் ஒரு வெற்றின்னு எண்ணிட்டானாம். காலையில கண்டுபிடிச்சாங்க. நம்ம இடத்துல, நம்மளோட சமமா நின்னாங்களே, அந்த டன்மோர் டீம் ஆடுது. பயிற்சியாளர் எல்லாரையும் பஸ்ல ஏத்தி ஊருக்குத் திருப்பிட்டார்!"

டெல்மர் வண்டியை ஓரம் கட்டினார். பிறகு ட்ரீனா சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, அப்போ முழு நாளும் எனக்கு!"

இப்படித்தான் சலைனாவுக்கு அருகே ஒரு பெட்ரோல் நிலையத்தில் அந்தக் கல்யாணம் கூடியது. டீசல் பம்புகளுக்கு அப்பால் ட்ரக், அதன் பக்கவாட்டில் ஆளுயரக் கோழிப் படமும் மெத்தைக் கம்பெனியின் பெயரும். மூன்று பேருந்துகளிலிருந்து ஆளுக்கொரு கதவு அகலம் உள்ள ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். காலையிலிருந்து உள்ளே, வெளியே என்று அலைக்கழிக்கப்பட்ட பிள்ளைகள். பீரொக் வாசனை பட்டதும் முகம் மலர்ந்தார்கள். வேட் அணி மேலங்கியோடு ஓடிவந்து ட்ரீனாவின் எதிரில் நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல், "ஆயில் மாத்தினியா?" என்றான். குடும்பத்துக்கு ஏற்ற மாப்பிள்ளை.

பாஸ்டர் தொடங்கினார். மோதிரம் மாற்றினார்கள். "இன்றுமுதல் நீங்கள் கணவனும் மனைவியும்" என்று அவர் சொல்லி முடித்ததும் ஆட்டக்காரர்கள் போட்ட சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. பாஸ்டர் அக்கார்டியனை மாட்டிக்கொண்டார். வேட் ட்ரீனாவின் இடுப்பில் கை வைத்து முதல் அடி எடுத்து வைத்தான்.

அப்போது பயிற்சியாளர் ஹால் ரிட்டர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "உள்ள வந்துட்டோம்! மறுபடி உள்ள வந்துட்டோம்! எல்லாருக்கும் ஓய்வு வாரத்தை வெற்றின்னு எண்ணியிருக்கான் அந்த மடையன்! எல்லாருக்கும் கழிச்சா நாமதான் மேல! ஏறுங்கடா பஸ்ல! வேட், ட்ரக்கை எடு!"

"சார்... இப்பத்தான்..."

"கல்யாணம் முடிஞ்சுதுல்ல? வாழ்த்துக்கள்! சாவி எங்க?"

வேட் ட்ரீனாவைப் பார்த்தான். ராணுவத்தில் இருப்பவள், கட்டளை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவன் மேலங்கியின் பொத்தானை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் டெல்மருக்குள் ஏதோ அறுந்தது. வாழ்நாளெல்லாம் வரிசையில் நின்றவர், கேட்டதற்கெல்லாம் தலையாட்டியவர். இந்த ஏழும் பதினேழும் சேர்ந்து ஒரு பெண்ணுடைய ஒரு நாளைப் பிடுங்கி, திருப்பிக் கொடுத்து, மறுபடி பிடுங்குகிறதே என்று அவருக்கு ரத்தம் கொதித்தது.

"பாஸ்டர்," என்றார் மெதுவாக, "வாத்தியத்தை நிறுத்தாதீங்க. நல்லா பலமா வாசிங்க."

பாஸ்டர் பலமாக வாசித்தார். டெல்மர் ட்ரக்கின் முன்பக்கம் போனார். அவர் சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு சின்னத் திருகி தொங்கும். முன் சக்கரம் இரண்டிலும் வால்வுக்குள் இருக்கும் பித்தளை ஊசியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காற்று சீறிய சத்தம் அக்கார்டியனில் அமுங்கிப்போனது.

ட்ரக் மூக்கைத் தரையில் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பயிற்சியாளர் பார்த்தபோது எல்லோரும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் டயர் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

"டெல்மர்! நல்லவேளை நீங்க இருக்கீங்க! எவ்வளவு நேரம் ஆகும்?"

டெல்மர் குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். "நேரத்தைப் பத்தி நான் பேசறதில்ல. வழிமுறையைப் பத்திதான் பேசுவேன்."

"என்ன?"

"முதல்ல ரெண்டு டயரையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கணும். ரெண்டும் சமமா தட்டையா இருக்கு. அதனால ரெண்டுக்கும் பொதுவான ரோட்டைப் பாக்கணும். அப்புறம் அந்த ரோட்டுல ஓடின மத்த வண்டிங்களோட டயரைப் பாக்கணும்."

பயிற்சியாளர் கைபேசியில் ஆணையரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். "இது தேசிய ஒளிபரப்பு, மிஸ்டர் பாக்ஸ்பெர்கர்!" என்று ஆணையரின் குரல் நடுங்கியது. "ஒரே ஒரு கேள்விதான். எப்ப சரியாகும்?"

"தெளிவு வந்துடுச்சுன்னா யாரு டிவி பாப்பாங்க சார்?"

"சாமான்களைப் பஸ்லயே ஏத்திக்கலாமே!" என்று ஒரு ஆட்டக்காரன் யோசனை சொன்னான், நல்ல பிள்ளை, படிப்பில் கெட்டி. கைபேசிக்குள்ளிருந்து கேம்டன் ரூஷின் இனிய குரல் உடனே வந்தது. "முடியாது சார். மெத்தைக் கம்பெனி ஒப்பந்தப்படி கவசங்கள் அங்கீகரிக்கப்பட்ட ட்ரக்லதான் மைதானத்துக்குள்ள வரணும். இருபத்திரெண்டாவது விதி."

"விதின்னா விதிதான்," என்றார் டெல்மர், தொப்பியைக் கழற்றி. "அதை மீற நமக்கு ஏது உரிமை?"

பேருந்துகள் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. மத்தியானம் முழுக்க அந்தப் பெட்ரோல் நிலையத்தில் ஆட்டம் நடந்தது. தோள்கவசம் இல்லாத பிள்ளைகள் பாஸ்டரின் வாத்தியத்துக்குச் சோடி சோடியாக ஆடினார்கள். ஜொலீன் மஞ்சள் பஞ்சுக் கையை மாட்டிக்கொண்டு பீரொக் பரிமாறினாள். சாயங்காலம் வேட்டும் ட்ரீனாவும் டீசல் பம்புக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் காப்பி குடித்தார்கள். டெல்மர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் அவர்கள் இரண்டாவது கோப்பையும் வாங்கியதைப் பார்த்தார்.

ஞாயிறு மத்தியானம் விசிட்டா விமான நிலையத்தில் ட்ரீனா சீருடையில் உள்ளே போனாள். திரும்பி வருகிற வழியில் வேட் முன்சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். சும்மா இருப்பதற்குப் பதிலாக டெல்மர் ரேடியோவைத் திருப்பினார். கார்விக் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கோழிகளுக்குப் பதிலாக அவசரமாக ஆடிய டன்மோர் படுதோல்வி அடைந்துவிட்டதாம். சனிக்கிழமை ஆடாததால் கோழிகள் தோற்கவில்லை. தோற்காததால் எட்டாவது விதிப்படி அவர்கள் மதிப்பெண் ஏறிவிட்டது. தேசியப் போட்டிக்கு மகா ஏழிலிருந்து போகப்போவது கோழிகள்தானாம். ஆணையர் விட்கம் இதை அமைப்பின் வெற்றி என்று வர்ணித்தாராம்.

"மக்களே! விதி மறுபடியும் நம் கையில்!"

"மாமா," என்றான் வேட், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ட்ரக் இன்னும் சலைனாவுலதான் நிக்குது. அந்த டயருக்கு நிஜமாவே என்ன ஆச்சு?"

டெல்மர் ரேடியோவை அணைத்தார். சட்டைப் பையில் கை விட்டு, தீக்குச்சியில் பாதி நீளம்கூட இல்லாத இரண்டு பித்தளை ஊசிகளை எடுத்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இந்தா. மாமா குடுக்கற சீர். அவ திரும்பி வர்ற சனிக்கிழமைக்கு வேணும். பத்திரமா வச்சுக்கோ."